ஸ்லாஃப்கோவ்ஸ்கியை லவாலுக்கு அனுப்பியிருக்க வேண்டுமா?

அன்புள்ள அண்ணா,

மொன்றியலில் இருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் நாலைந்து பேர் ஒரு வீட்டில் கூடி எங்கள் ஊர் ஐஸ் ஹொக்கி அணியான கனேடியன்ஸின் மட்ச் பார்க்கிறவர்கள். யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி வந்த நாளில் இருந்து எங்களுக்குள் ஒரு சண்டை தீரவே இல்லை. 18 வயதில் அவனை நேரே வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல்-இல் ஆட விட்டது சரியா, இல்லை கனேடியன்ஸின் கீழ்மட்டக் கிளை அணியான லவால் ரொக்கெட்டுக்கு அனுப்பி ஒரு வருடம் பழக்கியிருக்க வேண்டுமா? "பெடியன் 50 புள்ளி எடுத்திட்டான், இனி என்ன கதை?" என்கிறான் ஒரு நண்பன். "லவாலில் விட்டிருந்தால் இண்டைக்கு 80 எடுத்திருப்பான்" என்கிறான் மற்றவன். (புள்ளி என்றால் அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்ந்த கணக்கு.) முதல் வருடம் அவனை 'பஸ்ட்' (தேறாத தெரிவு) என்று எழுதித் தள்ளியவர்களோடு வாதாடியவன் நான். ஆனால் அணிகள் இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் அதே வருட டிராஃப்டில் மூன்றாவதாகப் போன லோகன் கூலி 65 புள்ளி எடுத்ததைக் காட்டினால் எனக்கும் பதில் வருவதில்லை.

இன்னொரு சொந்த விசயம். என் மகனுக்கு 11 வயது, ஆள் நல்ல வளர்த்தி. அடுத்த வருடம் 15 வயதுக்குட்பட்ட அணியில் ஆடட்டும் என்கிறார் அவனது பயிற்சியாளர். இதற்கும் நண்பர்கள் ஸ்லாஃப்கோவ்ஸ்கியைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ர., மொன்றியல்

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர்கள் இருவரும் எதிரெதிராக நின்றாலும் ஒரே விசயத்தைத்தான் பேசுகிறார்கள்: எந்த லீக்? அதைவிடப் பெரிய கேள்வி, யாரோடு ஆடினார், என்ன வேலைக்காக ஆடினார் என்பது. அதைப் பேசாமல் லவாலா மொன்றியலா என்று இன்னும் பத்து வருடம் வாதாடினாலும் முடிவு வராது.

2022-இல் அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று பாருங்கள். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 17 வயதில் ஏழு ஆட்டங்களில் ஏழு கோல். ஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம், தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கு. அதே பருவத்தில் பின்லாந்தின் டிபிஎஸ் அணிக்காக 31 லீக் ஆட்டங்களில் அடித்தது ஐந்தே கோல். அந்த ஒலிம்பிக்குக்கு என்.எச்.எல் தன் வீரர்களை விடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண்களின் லீக்கில் வாரம் தவறாமல் ஆடும்போது அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதைச் சொன்னது இரண்டாவது கணக்குத்தான். மொன்றியல் ரசிகர்கள் மனதில் தங்கியது முதலாவது. ஜூலை 7 அன்று கனேடியன்ஸின் பெல் சென்டர் அரங்கில் நடந்த டிராஃப்டில் முதல் பெயராக அவரை அழைத்தபோது, பலர் எதிர்பார்த்திருந்தது கனடியப் பையன் ஷேன் ரைட்டை. அந்த ஏமாற்றமும் சேர்ந்து 18 வயதுப் பையன் தலையில் ஏறியது.

முதல் பருவத்தில் 39 ஆட்டங்கள், 4 கோல், 10 புள்ளி. ஜனவரியில் முழங்காலில் அடிபட்டு அத்தோடு பருவம் முடிந்தது. பின்லாந்தில் இருந்த கணக்கோடு ஒப்பிட்டால் இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. அவருக்குக் கிடைத்தது ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 12 நிமிடம், அதுவும் பெரும்பாலும் பின்வரிசைகளில் (தாக்குதல் வீரர்கள் மூன்று பேர் கொண்ட வரிசைகளாக மாறி மாறி இறங்குவார்கள்). அந்த நாட்களில் எனக்கு மறக்காதது கோல் அடிக்காதது அல்ல, பலகையோரம், அதாவது மைதானத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரின் ஓரம். நம் பக்கத்து டிஃபென்ஸ்மன் (தற்காப்பு வீரர்) பக்கை, அதாவது ஆடும் ரப்பர் வட்டை, பலகை வழியாகச் சுழற்றி விடுவார். இடது விங்கில், அதாவது இடது ஓரத்தில், நிற்கும் ஸ்லாஃப்கோவ்ஸ்கி மைதானத்துக்கு முதுகு காட்டி அதை எடுக்க வேண்டும். அதற்குள் எதிரணி டிஃபென்ஸ்மன் பாய்ந்து வந்துவிடுவார். பக் வருவதற்கு முன்னரே தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் எங்கே தட்டிவிடுவது என்று தெரிந்திருக்கும். அவர் பக்கையே பார்த்துக்கொண்டிருப்பார், தலை குனிந்தபடி; பிறகு ஓர் இடி. பின்லாந்து மைதானங்கள் பெரும்பாலும் இங்குள்ளதைவிடச் சில மீட்டர் அகலம் கூட. அங்கே கிடைக்கும் அந்த அரை வினாடி இங்கே இல்லை.

இதைத்தான் லவாலில் பழகியிருக்க வேண்டும் என்கிறார் உங்கள் நண்பர். அந்த வாதத்துக்கு மதிப்பு இருக்கிறது. நானும் அந்தப் பருவத்தில் சில இரவுகள் அப்படி நினைத்தேன். ஐரோப்பாவில் இருந்து வந்தவர் என்பதால் விதிப்படி அவரை அங்கே அனுப்பத் தடையும் இல்லை. ரைட்டுக்கு அந்த வசதி இல்லை. கனடிய ஜூனியர் லீக்கில் இருந்து வருகிறவர்கள் 20 வயதுக்கு முன் லவால் ஆடும் இரண்டாம் நிலை லீக்கான ஏ.எச்.எல்-இல் முழுப் பருவம் ஆட அன்று லீக்குகளுக்கிடையிலான ஒப்பந்தம் விடவில்லை.

ஆனால் அடுத்த பருவத்தில் நடந்ததைப் பாருங்கள். 2023-24-இன் முதல் இரண்டு மாதங்களில் அவர் அடித்த கோல்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அப்போதும் லவால் சத்தம் காதைப் பிளந்தது. பிறகு பயிற்சியாளர் மார்ட்டின் சென் லூயி அவரை நிக் சுசுகி, கோஃபீல்ட் என்ற இரண்டு தாக்குதல் வீரர்களோடும் முதல் வரிசையில் நிலையாக வைத்தார். ஒரு தவறு செய்தால் அடுத்த முறை பெஞ்சில் என்ற பயம் போயிற்று. அவர்கள் இருவருக்கும் தேவைப்பட்டது பலகையோரத்தில் பக்கை வென்று கொடுக்க, கோலுக்கு முன்னால் இடம் பிடிக்க ஒரு பெரிய உடம்பு. ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்குத் தன் வேலை என்ன என்று முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிந்தது. பருவ முடிவில் 82 ஆட்டம், 20 கோல், 50 புள்ளி. ஏப்ரலில் பிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஹட்ரிக்.  லீக் மாறவில்லை, கூட ஆடியவர்களும் கொடுத்த வேலையும் மாறின.

இது ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு மட்டும் நடந்ததும் அல்ல. அதே வரிசையில் ஆடிய கோஃபீல்டையே எடுங்கள். 2021-22-இல் முதல் 30 ஆட்டங்களில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். இடையில் லவாலுக்கும் போய் வந்தார். பிப்ரவரியில் சென் லூயி பொறுப்பேற்ற பின் மீதி 37 ஆட்டங்களில் 22 கோல். மொன்றியல் ரசிகர் எவரும் இதை மறந்திருக்க முடியாது. அப்படியிருந்தும் அடுத்த பையன் வந்ததும் மறுபடி லீக் சண்டைக்கே போனோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஏன் போனோம் என்பதும் புரிகிறது. காரணம் பின்லாந்துப் பையன் யெஸ்பெரி கொட்கனியெமி. 2018 டிராஃப்டில் கனேடியன்ஸின் தெரிவு, மொத்தத்தில் மூன்றாவது, 18 வயதில் நேரே அணிக்குள், முதல் வருடம் 34 புள்ளி. ஊரே கொண்டாடியது. இரண்டாம் வருடம் 36 ஆட்டங்களில் 8 புள்ளி என்று சரிந்து லவாலுக்குப் போனார். 2021-இல் கரோலைனா அணி 61 லட்சம் டொலர் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் காயம் ஆறுவதற்குள் இன்னொரு உயரமான ஐரோப்பியப் பையன் வந்தார். ரசிகர்கள் ஸ்லாஃப்கோவ்ஸ்கியைப் பார்த்துத் திட்டியதில் பாதி கொட்கனியெமியின் கணக்கில் சேர வேண்டியது. அதை இந்தப் பையன் சுமந்தது அநியாயம்.

அதற்காக 50 புள்ளியைக் காட்டி வாதம் முடிந்தது என்கிற நண்பரும் சரியில்லை. ஒருவர் தேறிவிட்டார் என்பதால் வழி சரி என்றாகாது. 2022-இன் முதல் நால்வரும் நாலு வழியில் போனார்கள். ஸ்லாஃப்கோவ்ஸ்கி நேரே என்.எச்.எல். இரண்டாவதாகத் தெரிவான சிமோன் நெமெட்ஸ் ஏ.எச்.எல்-க்கு. கூலி ஒரு வருடம் மினசோட்டா பல்கலைக்கழகத்தில். நான்காவதான ரைட் சியாட்டிலில் சில ஆட்டங்கள், பிறகு ஜூனியருக்குத் திரும்பி, அடுத்த வருடம் ஏ.எச்.எல்-இல் கோச்செல்லா வேலிக்காக ஆடி, 2024-25-இல் சியாட்டிலுக்காக 19 கோல் அடித்தார். நாலு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். இதில் எந்த வழி சிறந்தது என்று நிரூபிக்க எவராலும் முடியாது, ஏனென்றால் ஒரே பையனை இரண்டு முறை வளர்த்துப் பார்க்க வழியில்லை. லவாலில் விட்டிருந்தால் 80 என்பது வெறும் ஆசை.

கூலியின் 65-க்கு வருகிறேன். நடுவில் நின்று ஆடும் அருமையான சென்டர், வேகமும் கையும் உள்ளவர், அவர் ஆடும் யூட்டா அணியின் தாக்குதலே அவர் கையில் பிறக்கிறது. அதே 2024-25-இல் ஸ்லாஃப்கோவ்ஸ்கி 51. அவர் விங்கர். பக்கை வென்று மற்றவருக்குக் கொடுக்கும் வேலையின் பெரும்பகுதி புள்ளிக் கணக்கில் ஏறாது. 14 புள்ளி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு தெரிவு பிழை என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் அதற்கு வாயடைத்துப் போக வேண்டாம். கனேடியன்ஸ் 2024 ஜூலையில் அவருக்கு எட்டு வருடத்துக்கு 6 கோடியே 8 லட்சம் டொலர் எழுதிக் கொடுத்தது அவர் அடித்த 20 கோலுக்காக மட்டும் இல்லை. பலகையோரத்தில் அவர் இப்போது என்ன செய்கிறார் என்று அடுத்த சனிக்கிழமை கவனியுங்கள். பக் வருமுன் தலை திரும்புகிறதா? பின்னால் இடிப்பவனை இடுப்பால் தாங்கிக்கொண்டு சுசுகிக்குத் தட்டிவிடுகிறாரா? வளர்ச்சி அங்கேதான் தெரியும். கோல் வராத வாரங்களில்கூடத் தெரியும்.

மகனைப் பற்றி. 18 வயதில் 191 சென்டிமீட்டர் உயரத்தோடு, தேசிய அணிக்கு ஆடிவிட்டு வந்தவரை 11 வயதுப் பிள்ளைக்கு உதாரணம் காட்டுவதே தவறு. 15 வயதுக்குட்பட்ட பிரிவின் மேல்மட்ட அணிகளில் உடம்பால் மோதலாம். அவன் இருக்கும் பிரிவில் அது இல்லை. வளர்த்தி என்றாலும் எலும்பு 12 வயது எலும்புதான். இன்னொரு வருடம் தன் வயதுப் பிள்ளைகளோடு ஆடட்டும் என்பதே என் எண்ணம். அங்கே பக் அவன் மட்டையில் அதிக நேரம் இருக்கும், பவர் பிளேயில் (எதிரணிக்கு ஆள் குறைந்த நேரத்தில்) இறங்குவான், பிழை விட்டாலும் அடுத்த ஷிஃப்டில் மறுபடி களமிறங்க இடம் கிடைக்கும். மேல் அணியில் நாலாம் வரிசையில் நின்று பக்கைக் கண்ணாடிக்கு அடித்து வெளியேற்றப் பழகுவதில் அவனுக்கு என்ன லாபம்?

முடிவெடுக்குமுன் பயிற்சியாளரிடம் கேளுங்கள்: மேல் அணியில் இவன் யாரோடு ஒரே வரிசையில் ஆடுவான், ஓர் ஆட்டத்தில் எவ்வளவு நேரம் களத்தில் இருப்பான்? தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம். மகனையும் தனியாகக் கேளுங்கள். அவனுடைய சிநேகிதர்கள் எந்த அணியில் என்பது அவனுக்குப் பெரிய விசயமாக இருக்கும். இருவரும் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்