வாசலில் படகு நிற்குமா? ராமநாதபுரம் கரையில் வீடு தேடுகிறவர்களுக்குச் சில பதில்கள்

சொந்தமாகப் பாய்மரப் படகோ சொகுசு மோட்டார் படகோ வைத்திருப்பவர்கள் சிலர், நம் மாவட்டத்துக் கடற்கரையில் வீடு பார்ப்பது பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்ப நினைப்பவர்கள் இதில் அதிகம். மரக்கலம் விட்டு வாணிபம் செய்த கீழக்கரையும் தொண்டியும் இருக்கும் கரை இது. இங்கே மறுபடியும் ஒருவர் ஆசையாகப் படகு வைத்துக்கொள்ள நினைப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. கடலோரக் கட்டடங்களோடு இத்தனை காலம் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சில பதில்கள் ஏமாற்றமாக இருக்கலாம். முன்பணம் கொடுத்த பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். 40 அடி பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். மண்டபம் வடக்குக் கரையில் கடலைப் பார்த்த நிலம் ஒன்று விலைக்கு வருகிறது. தண்ணீர் குளம் போல அமைதியாக இருக்கிறது. வீட்டுக்கு முன்னாலேயே படகைக் கட்டிவிடலாமா?

பதில்: நிலத்தின் பத்திரத்தைப் பார்க்கும் முன் படகின் அளவுகளைப் பாருங்கள். 40 அடி பாய்மரப் படகு என்றால் அடியில் துடுப்புப் போல நீட்டிக்கொண்டிருக்கும் கீல் (keel) பொதுவாக 1.8 முதல் 2.1 மீட்டர் வரை தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அலை தூக்கிப் போடும்போது தரை தட்டாமலிருக்க அதற்குக் கீழே இன்னும் அரை மீட்டராவது வேண்டும். ஆக, கடல் நன்றாக வற்றிய நேரத்திலும் இரண்டரை மீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்க வேண்டும். நம் கரையில் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள்; ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. "ஒன்றரைப் பாகம் தண்ணி எங்கே வரும்?" என்று அங்குள்ள மீனவர் யாரையாவது கேளுங்கள். கடலுக்குள் வெகுதூரம் கையைக் காட்டுவார்.

நீங்கள் பார்த்த அமைதிக்குக் காரணமே அந்த ஆழக் குறைவுதான். பாக் நீரிணை முழுவதுமே ஆழம் குறைந்த கடல். நடுக்கடலிலும் பெரும்பாலும் 15 மீட்டரைத் தாண்டாது. போதாததற்கு மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் நோக்கி, கரைக்கு இணையாகச் சில நூறு மீட்டர் தள்ளிப் பவளப்பார் (பவளப்பாறைத் திட்டு) ஓடுகிறது. பாருக்கும் கரைக்கும் நடுவே பல இடங்களில் ஆள் நடந்தே போகலாம். ஏற்றத்தில் தண்ணீர் உயரும்போது படகைக் கொண்டுவரலாம் என்ற கணக்கும் இங்கே உதவாது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு.

எனவே ஒரு நாள் செலவழித்து அளந்து பாருங்கள். ஒரு வள்ளத்தை வாடகைக்கு எடுத்து, ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கரையிலிருந்து நேராக வெளியே போங்கள். பத்து மீட்டருக்கு ஒருமுறை குண்டை இறக்கி, ஆழத்தையும் குண்டில் ஒட்டி வருவது மணலா சேறா கல்லா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இப்படி அளந்த பிறகு நிலமே வேண்டாம் என்று திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நஷ்டமில்லை, அந்த ஒரு நாள் வாடகை அவர்கள் முதலைக் காப்பாற்றியது.

இன்னும் படகு வாங்காதவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்தக் கரையில்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால், இரட்டை உடல் கொண்ட கட்டமரான் வகையைப் பாருங்கள். அதே நீளத்தில் அது ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றேகால் மீட்டர்தான் தண்ணீருக்குள் இறங்கும்.

கேள்வி: வடகடல் நல்லதா, தென்கடல் நல்லதா? பெண் கடல், ஆண் கடல் என்கிறார்களே?

பதில்: அந்தப் பெயர்களை நம்பி வீடு வாங்கிவிடாதீர்கள். பெண் கடல் எனும் வடக்குப் பாக் நீரிணை சாதுவானது, ஆண் கடல் எனும் தெற்கு மன்னார் வளைகுடா முரட்டுத்தனமானது என்பது பயணிகளுக்குச் சொல்லும் விளக்கம். படகு வைத்திருப்பவருக்குக் காற்றின் திசைதான் முக்கியம்.

மே முதல் செப்டம்பர் வரை கச்சானும் சோழகமும், அதாவது மேற்கிலும் தெற்கிலும் இருந்து வரும் காற்றுகள், அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகரை நிலத்தின் மறைவில் அடங்கிக் கிடக்கும். அக்டோபரில் வடக்கிலிருந்து வரும் வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். சாது என்று சொன்ன வடகடல் குட்டையான, நெருக்கமான அலைகளை எழுப்பும். ஆழம் குறைந்த கடலில் அலை அப்படித்தான் எழும். நங்கூரத்தில் நிற்கும் படகை உலுக்கி எடுக்க அதைவிட மோசமான அலை இல்லை. அந்த மாதங்களில் தென்கடல் அமைதியாகிவிடும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மட்டும் இரண்டு பக்கமும் நல்ல பிள்ளைகள். வீடு பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வருகிறார்கள் என்பதுதான் சிக்கல். வாடை அடிக்கும் டிசம்பரில் ஒருமுறையும், கச்சான் அடிக்கும் ஜூலையில் ஒருமுறையும் வந்து அதே இடத்தில் நின்று பாருங்கள்.

மண்டபம், பாம்பன் மீனவர்கள் இதற்கு வைத்திருக்கும் வழியைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பருவம் மாறினால் படகையும் மறுகரைக்கு மாற்றுவது. மண்டபம் பக்கம் நிலம் ஒரு நாக்கு போல நீண்டு கடலுக்குள் போகிறது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நிலம் வழியாகச் சில நிமிடத்தில் போய்விடலாம். அந்தப் பகுதியில், கடலை ஒட்டியே இல்லாவிட்டாலும், நல்ல மேட்டு நிலத்தில் ஒரு வீடு; வடக்கே ஒரு படகுத்தளம், தெற்கே ஒரு படகுத்தளம். வீடு ஓரிடம், படகு ஓரிடம் என்று மனதளவில் பிரித்துக்கொண்டால் இந்தக் கரையில் தேடுவது எவ்வளவோ சுலபம். வாசலில் படகு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், வருடத்தில் பாதி நாள் வாசலில் நிற்கும் படகைப் பற்றிக் கவலைப்பட்டே தூக்கம் போய்விடும்.

கேள்வி: பட்டா நிலம் கடல் வரை இருக்கிறது, சொந்தமாக ஜெட்டி (படகுத்துறை) கட்டிக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்கிறார். உண்மையா?

பதில்: பட்டா எவ்வளவு தூரம் போனாலும், அலை நனைக்கும் மணலும் கடலடித் தரையும் அரசின் நிலம். அங்கே ஒரு தூண் நட வேண்டுமென்றாலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி அனுமதி வேண்டும். விண்ணப்பம் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்குப் போகும். இடம் பவளப்பாராகவோ கடற்புல் படுகையாகவோ அலையாத்திக் காடாகவோ இருந்தால் அது மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வரும். நம் கரையில் இந்த மூன்றும் நிறைய. ஒரு தனி வீட்டுக்கான ஜெட்டிக்கு அங்கே அனுமதி கிடைக்கும் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஜெட்டி மட்டுமில்லை, வீட்டுக்கே இந்த விதி பொருந்தும். உயர் அலைக்கோட்டிலிருந்து (ஏற்றத்தில் கடல்நீர் எட்டும் எல்லை) 500 மீட்டர் வரை இந்த மண்டலம்தான். 2011 அறிவிக்கைப்படி கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமங்களில் மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது. அதுவும் புதிய வரைபடத் திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகுதான். நீங்கள் விரும்பும் ஒதுக்குப்புறமான கரைகளில் அவ்வளவு பேர் வாழ மாட்டார்கள், எனவே 200 மீட்டர்தான். அதைத் தாண்டிய பகுதியிலும் வீட்டுக்கு 9 மீட்டர் உயரம், இரண்டு தளம் என்ற வரம்பு உண்டு. அங்கேயும் விதி முதலில் மனதில் வைத்திருப்பது காலங்காலமாக அங்கே வாழும் மீனவக் குடியிருப்புகளைத்தான். அது நியாயமும்கூட.

கடலுக்கு மிக அருகில்தான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. 1991 பிப்ரவரியில் முதல் அறிவிக்கை வருவதற்கு முன்பே முறையான அனுமதியோடு கட்டிய பழைய வீடுகளைத் தேடுங்கள். அடித்தளப் பரப்பைக் கூட்டாமல் அவற்றைப் பழுதுபார்க்க விதி இடம் கொடுக்கிறது. பழைய வீட்டு வரி ரசீதுகள், மின் இணைப்பு நாள், அனுமதி வரைபடம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். உயர் அலைக்கோட்டைப் புரோக்கர் காலால் கோடு போட்டுக் காட்டினால் ஏற்காதீர்கள். அதைக் குறித்துத் தர மத்திய அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் உண்டு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கின்றன. அந்த வரைபடம் கைக்கு வந்த பிறகு முன்பணம் கொடுத்தால் போதும்.

கேள்வி: என் படகின் பாய்மரம் 18 மீட்டர் உயரம். பாம்பன் பாலத்தைக் கடக்க முடியுமா?

பதில்: உயரத்தைப் பொறுத்தவரை முடியும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே எழும்பும். எழும்பிய பிறகு கடலிலிருந்து சுமார் 22 மீட்டர் இடைவெளி கிடைக்கும். பாய்மர உச்சியில் உள்ள ஆன்டெனாவையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். ஆனால் நினைத்த நேரத்தில் கடக்க முடியாது. பாம்பன் துறைமுக அலுவலகத்தில் பதிந்து, அவர்கள் சொல்லும் நாளில், ரயில் நேரத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் போக வேண்டும். கால்வாய் ஆழமும் குறைவு, ஓட்டமும் பலமானது. வழிகாட்டி இல்லாமல் முயலாதீர்கள். இந்த வழியை விட்டால் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு இலங்கையைச் சுற்றித்தான் வர வேண்டும். பருவத்துக்குப் பருவம் கரை மாற்ற நினைப்பவர் இந்தக் கடப்பையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: புயல் வந்தால் படகை எங்கே வைப்பது? அக்கம்பக்கத்தில் மரினா (படகு நிறுத்தும் துறை) உண்டா?

பதில்: நம் மாவட்டத்தில் சொகுசுப் படகுகளுக்கான மரினா கிடையாது. அருகில் என்றால் கொச்சி போல்காட்டித் தீவில்தான். அதனால் வீடு வாங்கும்போதே படகைத் தரையில் ஏற்றி வைக்கும் இடத்தையும் முடிவு செய்ய வேண்டும். கரையிலிருந்து தள்ளி உயரமான காலி மனை, அதற்கு டிரெய்லர் திரும்பும் அகலத்தில் பாதை, கிரேன் வந்து நிற்க இறுகிய தரை. இந்த மூன்றும் இல்லாத வீட்டை, கடல் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், படகுக்காரருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த கடல் இதே கடல்தான். அந்த ஊரின் சுவர்கள் இன்னும் மணலில் நிற்கின்றன, போய் ஒருமுறை பாருங்கள். ஆழம் குறைந்த கடலில் புயல் நீரைக் குவித்துக் கரைமேல் ஏற்றிவிடும். அதனால் காற்றைத் தாங்குமா என்று கேட்பதோடு, தரைமட்டம் எத்தனை மீட்டர் உயரம் என்றும் கேளுங்கள்.

படகைப் பழுதுபார்க்க விசைப்படகுகள் ஏறும் சாய்தளங்களை நம்பியிருப்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லா விசைப்படகும் பழுதுபார்ப்புக்கு வரும், உங்களுக்கு ஆளும் இடமும் கிடைக்காது. பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: கட்டிய வீட்டை வாங்குவதா, புதிதாகக் கட்டுவதா? எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பதுதான் இங்கே வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி கடற்கரைச் சூழலுக்குக் குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும். கடல்நீர்த் தெறிப்பு படும் இடத்துக்கு எம்35, 50 மில்லிமீட்டர். கட்டிய வீடு என்றால் பால்கனியின் அடிப்பக்கத்தையும் சன்ஷேடின் ஓரத்தையும் பாருங்கள். புதுப் பெயின்டுக்கு அடியில் நீளவாட்டில் விரிசல் ஓடினால் உள்ளே கம்பி ஊதத் தொடங்கிவிட்டது. கட்டும்போது எந்தத் தண்ணீரில் கலவை போட்டார்கள் என்றும் கேளுங்கள். உவர்த் தண்ணீரில் போட்ட வீட்டை எந்தப் பெயின்டும் காப்பாற்றாது. நிலத்தடி நல்ல தண்ணீர் இங்கே உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. பெரிய மோட்டார் போட்டு உறிஞ்சினால் உங்கள் கிணறும் பக்கத்துக் குடிசையின் ஊற்றும் சேர்ந்து உப்பாகிவிடும். மழைநீர்த் தொட்டியை வரைபடத்திலேயே பெரிதாகப் போடுங்கள்.

படகுக்கு வீட்டிலிருந்து மின்சாரம் கொடுக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த படகு என்றால் அதன் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. நேரடியாக இணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: விடுமுறையில் நண்பர்களோடு தீவுகளில் இறங்கலாமா?

பதில்: கூடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. பவளத்தின் மேலும் கடற்புல்லின் மேலும் நங்கூரம் போடாதீர்கள். ஆவுளியா என்ற கடற்பசு மேயும் இடம் அது. வெறும் மணல் தெரியும் இடத்தில் மட்டும் போடுங்கள். சர்வதேசக் கடல் எல்லையும் அருகில்தான். கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: வீட்டு முன் உள்ள கடற்கரையை வேலி போட்டுப் பாதுகாத்துக்கொள்ள நினைக்கிறேன். ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஊர்க்காரர்கள் சொல்வதுதான் சரி. அந்த மணலில் கரைவலைப் பாடு (கரையில் நின்று வலை இழுக்கும் இடம்) இருக்கலாம். இருபது முப்பது பேர் வடம் பிடித்து இழுக்க நீளமான திறந்த கரை வேண்டும். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களின் பாதையும் அதுவாகத்தான் இருக்கும். வேலி போட்டால் சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது. பத்திரம் பதியும் முன்பே ஊர்த் தலைவரைப் பார்த்து, பாடு எது, வலை காயப்போடும் இடம் எது, பாசி வளர்க்கும் மிதவைகள் எந்தப் பக்கம் என்று கேட்டு, உங்கள் மதிலை அதற்கு உள்ளே தள்ளிக் கட்டுங்கள். அப்புறம் படகைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும்போது அந்த ஊரிலிருந்தே ஒருவரை வையுங்கள். இரவில் காற்றுத் திரும்பினால் நங்கூரக் கயிறு தாங்குமா என்று எழுந்து பார்க்க, அந்தக் கடலிலேயே வளர்ந்தவருக்குத்தான் தோன்றும்.