எந்த வெளிச்சத்துக்கு எந்த லென்ஸ்?

லென்ஸ் மாற்றிப் போடும் ஸ்போர்ட்ஸ் கூலிங் கிளாஸ் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எங்கே வாங்கினால் விலை குறையும் என்று மட்டும் கேட்டவற்றை விட்டுவிட்டேன்.

காலை 5 மணிக்குத் திருவான்மியூரில் சைக்கிளில் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்ப 9 மணி தாண்டிவிடும். ஒரே லென்ஸ் போதுமா? (சென்னை)

போதாது. கிளம்பும்போது க்ளியர், விடிந்து கண் கூசத் தொடங்கியதும் கேட்டகரி 3, அதாவது 8 முதல் 18 சதவீத வெளிச்சம் மட்டும் விடும் வெயில் லென்ஸ். இருட்டில் கண்ணாடியே எதற்கு என்று நினைக்காதீர்கள், தூசியும் பூச்சியும் அப்போதும் கண்ணில் விழும். ஈ.சி.ஆரில் போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம் என்று வெயில் பக்கவாட்டில்தான் அடிக்கும். அதனால் நெற்றிப்பொட்டு வரை சுற்றி வரும் அகலமான லென்ஸாகப் பாருங்கள். விடியுமுன் கறுப்பு லென்ஸோடு சாலையில் இறங்கவே கூடாது. பல முறை எழுதியாயிற்று, இன்னும் ஹெல்மெட்டில் விளக்கும் கண்ணில் கேட்டகரி 3-ம் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன்.

போலரைஸ்டு லென்ஸ்தானே உசத்தி? கடைக்காரர் அப்படித்தான் சொன்னார். (திருச்சி)

எதற்கு உசத்தி என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். தண்ணீர், தார்ச்சாலை மாதிரி மட்டமான பரப்பிலிருந்து வரும் பளபளப்பை அது வெட்டும். மீன்பிடிக்க, படகோட்ட, பகலில் நீண்ட தூரம் கார் ஓட்ட அருமை. சைக்கிளில் வேகமாக இறங்கும்போது ஈரமும் எண்ணெய்க் கசிவும் அந்தப் பளபளப்பை வைத்துத்தான் தெரியும், அதையும் சேர்த்து வெட்டிவிடும். சைக்கிள் கம்ப்யூட்டர் திரை சில கோணங்களில் கறுத்துப்போகும். யூ.வி. (புற ஊதாக் கதிர்) பாதுகாப்புக்கும் போலரைஸ்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஐந்து லென்ஸ் செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கறுப்பு, நீலம், மஞ்சள், பிரவுன், க்ளியர். எதை எப்போது போடுவது? (கோவை)

நிறத்தை மட்டும் எழுதிவிட்டு இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? கறுப்பாகத் தெரியும் ஒரு லென்ஸ் 10 சதவீத வெளிச்சம் விடலாம், இன்னொன்று 25 சதவீதம் விடலாம். முன்னது உச்சிவெயிலுக்கு, பின்னது மேகமூட்டத்துக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எத்தனை லென்ஸ் என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறவர்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு வெளிச்சம் விடும் என்ற எண்ணைப் போடுவதில்லை. அந்த ஒரு எண் இல்லாவிட்டால் ஐந்து லென்ஸும் ஐந்து கலர் பிளாஸ்டிக். இதில் எனக்கு வருஷக்கணக்காகக் கோபம் உண்டு. லென்ஸ் மாற்றும் கண்ணாடி வாங்குவதே வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றத்தான், அளவே தெரியாமல் எதை வைத்து மாற்றுவது?

சரி, வாங்கியாயிற்று. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில் போனை வைத்து, எண் நிலையாக நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் போனை அசைக்காமல், முன் கேமராவை ஒட்டியிருக்கும் சென்சார் மேல் லென்ஸைப் படுத்து வையுங்கள். 1,000 காட்டியது 150 ஆனால் உங்கள் லென்ஸ் சுமார் 15 சதவீதம், அதாவது கேட்டகரி 3. துல்லியமான அளவு இல்லைதான், ஆனால் ஐந்தையும் வரிசைப்படுத்த இது போதும். 8 முதல் 18 வரை வெயிலுக்கு, 18 முதல் 43 வரை (கேட்டகரி 2) மேகமூட்டத்துக்கும் மாலைக்கும், அதற்கு மேல் 80 வரை மழை, பனிமூட்டத்துக்கு, 80-ஐத் தாண்டினால் இரவுக்கு. இந்த எண்ணை மார்க்கர் பேனாவால் அந்தந்தப் பையில் எழுதிவையுங்கள்.

அடுத்து, லென்ஸைக் கைநீட்டிப் பிடித்து அதன் வழியே ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி மெதுவாக நகர்த்துங்கள். ஓரத்தில் கம்பி லேசாக வளைந்தால் பரவாயில்லை. நடுவில் நெளிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம், தலைவலிதான் மிஞ்சும்.

யூ.வி. விஷயத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 500 ரூபாய் நோட்டின் எண்ணை யூ.வி. டார்ச்சில் ஒளிரவைத்து, நடுவில் லென்ஸைப் பிடித்துப் பார்க்கும் வீடியோக்களை நம்பிவிடாதீர்கள். மலிவான டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர், யூ.வி. முடிந்து கண்ணுக்குத் தெரியும் ஒளி தொடங்கும் எல்லைக்கோட்டில் கிட்டத்தட்ட இருப்பவை. நல்ல லென்ஸும் அதில் தோற்கலாம். யூ.வி. மீட்டர் வைத்திருக்கும் ஆப்டிகல் கடையில் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை. கறுப்பு லென்ஸுக்குள் கண்ணின் பாப்பா விரியும், யூ.வி. தடுப்பு இல்லாவிட்டால் வெறுங்கண்ணைவிட அதிக யூ.வி. உள்ளே போகலாம்.

கடைசிச் சோதனை சாலையில். நீங்கள் கோவை, பிறகென்ன கவலை? மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு பாக்குத்தோப்பு வழியாகக் குன்னூர் சாலையில் ஏறுங்கள். வெயிலும் நிழலும் மாறி மாறி வரும், மேலே போனால் மூட்டம். நிழலுக்குள் நுழைந்த நொடியில் ஜல்லியும் குழியும் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரியாவிட்டால் ஒரு படி வெளிர் லென்ஸுக்கு மாறுங்கள். கடையின் டியூப் லைட்டில் போட்டுப் பார்ப்பது முகத்துக்குப் பொருந்துகிறதா என்று அறிய மட்டுமே உதவும்.

இரவில் கார் ஓட்ட மஞ்சள் லென்ஸ்? (மதுரை)

வேண்டாம். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் குறைக்கும். எதிர் ஹெட்லைட் ரொம்பக் கூசினால் விண்ட்ஷீல்டின் உள்பக்கத்தைத் துடையுங்கள், அப்புறமும் கூசினால் கண் டாக்டரிடம் போங்கள். மஞ்சளின் இடம் மந்தாரமான பகல்.

எனக்குப் பவர் உண்டு. எந்த மாடல் வாங்கலாம்? (ஈரோடு)

எவ்வளவு பவர் என்று எழுதவில்லையே! மைனஸ் 2-க்கும் மைனஸ் 7-க்கும் ஒரே பதில் கிடையாது. பொதுவாக, வளைந்த லென்ஸில் நேராகப் பவர் போடுவது சுமார் 4 வரை சரிவரும், அதற்கு மேல் ஓரங்கள் மங்கும். காண்டாக்ட் லென்ஸ் பழக்கமிருந்தால் அதுவே சுலபம். இல்லாவிட்டால் உள்ளே மாட்டும் இன்செர்ட், அதாவது பவர் லென்ஸ் உள்ள சின்ன உள்சட்டம். பவர் அதில் இருப்பதால் வெளி லென்ஸை இஷ்டப்படி மாற்றலாம். இமை உரசுகிறதா என்று போட்டுப் பார்த்து வாங்குங்கள். மூட்டம் பிடிப்பது கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

வெயிலில் தானே கறுக்கும் ஃபோட்டோக்ரோமிக் லென்ஸ் வாங்கினேன். காரில் கறுக்கவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? (வேலூர்)

இல்லை. அது யூ.வி. பட்டுத்தான் கறுக்கும், விண்ட்ஷீல்ட் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. வெளியே போட்டுப் பாருங்கள். இன்னொன்று, சூட்டில் இந்த லென்ஸ் முழுதாகக் கறுக்காது. வேலூர் மே மாதத்தில் கறுப்பதைவிட ஊட்டிக் குளிரில் நன்றாகக் கறுக்கும். திரும்ப வெளிற சில நிமிஷம் எடுக்கும். அதனால் சுரங்கப்பாதை, அடர்ந்த மரநிழல் உள்ள வழிகளில் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டே மாதத்தில் லென்ஸ் முழுக்கக் கீறல். டீ ஷர்ட்டில்தான் துடைக்கிறேன், மெத்தென்று இருக்குமே? (தூத்துக்குடி)

காய்ந்த வியர்வை உப்புத் துகளாக லென்ஸில் நிற்கிறது, அதை அழுத்தித் தேய்க்கிறீர்கள். முதலில் தண்ணீர், பிறகுதான் துணி. வாட்டர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றினாலும் போதும். வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கழுவி, மைக்ரோஃபைபரால் ஒற்றுங்கள். ஜன்னல் துடைக்கும் ஸ்பிரே பூச்சைக் கெடுக்கும். உதிரி லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனிப் பை. காரின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள்.

12 வயது மகள் கிரிக்கெட் ஆடுகிறாள். உயரமாக வரும் கேட்சுக்கு எந்த லென்ஸ்? (சேலம்)

பிரவுன் அல்லது ரோஸ் சாயம், பகலில் கேட்டகரி 3, மாலையில் 2. பாலிகார்பனேட் தவிர வேறெதுவும் வேண்டாம், பந்து முகத்தில் பட்டால் உடையும் லென்ஸ் ஆபத்து. பெரியவர்கள் சைஸ் வாங்கிக் கயிறு கட்டிச் சமாளிக்காதீர்கள், அண்ணாந்து பார்க்கும்போது நழுவும்.

கேட்டகரி 4 லென்ஸ் போட்டுச் சூரிய கிரகணம் பார்க்கலாமா? (நாகர்கோவில்)

கூடவே கூடாது. கூலிங் கிளாஸிலேயே மிகக் கறுத்தது கேட்டகரி 4, ஆனாலும் கிரகணக் கண்ணாடி விடுவதைவிடக் குறைந்தது சுமார் ஆயிரம் மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விடும். கேட்டகரி 4 போட்டு வண்டி ஓட்டுவதும் கூடாது.