கேளுங்கள், சொல்கிறேன்

கே: அந்தக் கால வெள்ளைக்காரர் எடுத்த படங்களில் நம்ம பக்கத்துக் கோட்டை, கோயிலெல்லாம் ஆளே இல்லாமல் பாழடைந்த மாதிரி இருக்கின்றனவே, ஏன்?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

ப: ஆட்கள் இருந்தார்கள் அம்மா, அசையாமல் நின்றால்தானே படத்தில் விழுவார்கள்! லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1857-58 வாக்கில் மெழுகேற்றிய காகித நெகடிவோடு வந்து ராயக்கோட்டையை எடுத்தார். அது அப்போது சேலம் ஜில்லா. அந்தக் காகிதத்தில் உருவம் பதிய வெகுநேரம் பிடிக்கும். நம்ம கடைவீதியில் யாரை அப்படி நிற்க வைப்பது? நடந்துபோனவர்கள் மாயம், கல் மட்டும் மிச்சம். வானமும் வெளுத்துவிடும். அதற்காக, பர்மாவில் எடுத்த நெகடிவ்களில் மேகத்தைக் கையாலேயே தீட்டினார் மனுஷர்! அப்புறம் இவை ஆல்பங்களாக வெளியாயின. லண்டனில் உட்கார்ந்து புரட்டியவர் ஜனமே இல்லாத தேசம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சித்திரைத் திருவிழா நெரிசலை அவருக்கு யார் காட்டினார்கள்?