டயப்பர் போட்ட இடத்தில் தோல் உரிகிறது, இது படுக்கைப்புண்ணா?

கேள்வி: பக்கவாதம் வந்த என் அம்மா மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். எப்போதும் டயப்பர்தான். பத்து நாளாகப் புட்டத்திலும் தொடை இடுக்கிலும் தோல் சிவந்து, அங்கங்கே உரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பவுடர் போடுகிறேன். இது படுக்கைப்புண்ணா? நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: இது நீங்கள் கவனிக்காமல் விட்டதால் வந்தது அல்ல. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், ஈரத்தில் ஊறிப் புண்ணான தோல் போலத்தான் தெரிகிறது. படுக்கைப்புண் பெரும்பாலும் எலும்பு துருத்தும் இடத்தில், விளிம்பு தெளிவாக வரும். தொடக்கத்தில் விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு வெளுக்காது. ஈரத்தால் வருவது பரவலாக, மடிப்புக்குள்ளும் இருக்கும். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருமையாகவோ சூடாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். படுக்கைப்புண்ணும் ஈரத்தால் வரும் புண்ணும் சேர்ந்தே வரலாம் என்பதால், ஒரு முறை மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டிவிடுவது நல்லது.

தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது, அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு 5.5-ஐ ஒட்டி இருக்கும். சிறுநீர் தேங்கினால் அதிலுள்ள யூரியா அமோனியாவாக மாறி, அந்த இடம் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மைக்கு மாறிவிடுகிறது. மலத்தில் மிச்சமிருக்கும் செரிமான நொதிகளுக்கு (என்சைம்களுக்கு) அதுதான் தோதான சூழல். உணவிலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் அவை, தோலையே அரிக்கத் தொடங்கும். மலம் நீர்த்துப் போனால் இன்னும் மோசம். இதில் சாதாரண சோப்பும் காரம்தான். ஊறிய தோலைத் தேய்ப்பது அதை உரித்தெடுப்பதற்குச் சமம். ஆகவே சோப்பையும் தேய்ப்பதையும் இன்றே நிறுத்துங்கள்.

மென்மையான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். காய்ந்து ஒட்டியிருந்தால் நனைந்த துணியை ஒரு நிமிடம் அதன்மேல் அப்படியே வையுங்கள், இளகி வந்துவிடும். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் ஜிங்க் ஆக்சைடு கிரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிய படலமாகத் தடவுங்கள். அப்பிவிட்டால் டயப்பர் ஈரத்தை உறிஞ்சாது. அடுத்த முறை ஜிங்க் கிரீமை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டாம். அழுக்கான மேல் அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் தடவினால் போதும். பலர் கை தவறுவது இங்கேதான்.

பவுடர் வேண்டாம். அது ஈரத்தில் கட்டியாகி மடிப்புக்குள் உரசும். கிருமிநாசினித் திரவமும் வேண்டாம்.

மலம் கழித்தால் உடனே மாற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கும்போது டயப்பரையும் பார்த்துவிடலாம். பகலில் சற்று நேரம் டயப்பரைத் திறந்து, கீழே உறிஞ்சும் விரிப்பு மட்டும் போட்டுக் காற்றாட விடுங்கள்.

சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளோ கொப்புளங்களோ தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து வேண்டும். ஸ்டீராய்டு கலந்த கிரீமை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், தோல் மெலிந்துவிடும். கருப்புத் திட்டு, குழி, சீழ், காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். மலம் தொடர்ந்து நீராகப் போனால் அதற்கான காரணத்தையும் மருத்துவரிடம் கேளுங்கள். ஆன்டிபயாட்டிக்கா, குழாய் உணவா, அல்லது உள்ளே மலம் இறுகி நீர் மட்டும் கசிகிறதா என்று அவர் பார்ப்பார்.

இன்னொன்று. டயப்பர் மட்டுமே வழி என்று இருந்துவிட வேண்டாம். சாப்பிட்டவுடன் குடல் இயல்பாகவே அசையும். அம்மாவால் சைகையாவது காட்ட முடிந்தால், காலை உணவு முடிந்து கால் மணி நேரத்துக்குள் பெட்பேன் (படுத்தபடியே மலம் கழிப்பதற்கான தட்டு) வைத்துப் பாருங்கள்.