சாதகமும் கச்சேரியும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை ஆறேழு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. எனக்கு வயது முப்பத்து மூன்று. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சிற்றூர். சென்னையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் பத்தாண்டுகளாக வேலை பார்க்கிறேன். சம்பளத்தில் குறையில்லை. வேலையில் வெறுப்பும் இல்லை, விருப்பமும் இல்லை.

ஒவ்வொருவரும் ஏதோ ஒரு திறமையோடு பிறக்கிறார்கள், அதைக் கண்டுகொண்டு அதன்வழி செல்பவர்களே நிறைவாக வாழ்கிறார்கள் என்று எங்கு திரும்பினாலும் சொல்கிறார்கள். என் திறமையை நான் தேடாத இடமில்லை. கேமரா வாங்கி இரண்டு ஆண்டுகள் படம் எடுத்தேன். கிடார் வகுப்புக்குப் போனேன். குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதினேன். சென்ற ஆண்டு எட்டாயிரம் ரூபாய் கட்டி இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டேன். நூற்றிருபது கேள்விகளுக்கு விடையளித்த பிறகு, நான் 'படைப்பாளி வகை' என்று அச்சிட்ட ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். அது இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தை இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்கினேன். இடையில் ஊரில் பாகப்பிரிவினைப் பேச்சு வந்துவிட்டது. தாத்தாவின் தகரப்பெட்டியில் இருந்த தாய்ப்பத்திரங்களை யாராலும் படிக்க முடியவில்லை. கூட்டெழுத்து, புள்ளியே கிடையாது, அளவெல்லாம் மா, குழிக் கணக்கு. ௧ என்ற எண்ணைக் 'க' என்ற எழுத்தாகப் படித்து ஒரு நாள் முழுவதும் திண்டாடினேன். பிறகு அதே கையெழுத்தில் இருந்த வேறு மூன்று பத்திரங்களை வைத்துக்கொண்டு, அந்த எழுத்தர் எந்த எழுத்தை எப்படிப் போடுவார் என்று தனியாக ஒரு தாளில் எழுதிப் பழகினேன். அதன்பின் ஓடத் தொடங்கிவிட்டது. நான்கெல்லையில் மூன்றை ஊரில் நடந்து பார்த்து அடையாளம் கண்டேன். வடக்கெல்லையாகச் சொல்லப்பட்ட 'புன்னையடி வாய்க்கால்' மட்டும் எந்த வரைபடத்திலும் இல்லை. வயதானவர்கள் நால்வரைக் கேட்டேன். நால்வரும் நான்கு திசையைக் காட்டினார்கள். இப்போது பக்கத்து வீடுகளிலிருந்தும் பத்திரங்களைக் கொண்டுவந்து தருகிறார்கள். மூன்று விடுமுறைகள் இதிலேயே போய்விட்டன. கடிதம் தாமதமானதற்கு இதுவே காரணம், மன்னிக்கவும்.

என் கேள்விகள்: பிறவித் திறமையை ஒருவர் எப்படி அறிவது? முப்பத்து மூன்று வயதில் காலம் கடந்துவிட்டதா? வேலையை விட்டால்தான் வழி திறக்குமா?

அன்புடன்,
எம்.

*

அன்புள்ள எம்.,

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை, எந்தப் பொருளுக்கு எத்தனை வரி கொடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணவும் செய்தேன். கேமராவுக்கு ஒரு வரி, கிடாருக்கு அரை வரி. அதை ஏன் எண்ணினேன் என்று பிறகு சொல்கிறேன்.

'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்பதை நாம் பள்ளிக்கூடச் சுவரிலேயே படித்துவிடுகிறோம். ஔவையார் பெயரில் வழங்கும் அந்தத் தனிப்பாடல் அங்கே முடியவில்லை. கல்வி மனப்பழக்கம், நடை நடைப்பழக்கம் என்று எல்லாவற்றையும் பழக்கத்தின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நட்பையும் தகையையும் கொடையையும் மட்டும் தனியே எடுத்து, இவை பிறவிக் குணம் என்கிறது. பாடலின் முற்பகுதியைச் சுவரில் எழுதிய நாம் பிற்பகுதியை விட்டுவிட்டோம். ஓவியமும் மொழியும் கற்றால் வருபவை. உடன் பிறப்பது குணம். நீங்கள் தேடிக்கொண்டிருப்பது பிறவித் திறமை. அப்படி ஒன்று ஆயத்தமாக உள்ளே இருந்து, கல்லைப் புரட்டினால் தேள் தென்படுவதுபோல ஒருநாள் தென்பட்டுவிடும் என்று நான் நம்பவில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு மனப்போக்கு. எதன்முன் நம் பொறுமை நீள்கிறது, எதன்முன் அது சட்டென்று தீர்ந்துவிடுகிறது என்ற கணக்கு. கேள்வித்தாளில் அது அகப்படாது, ஏனென்றால் நமக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் நாம் எப்போதும் பலனைத்தான் நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறோம்.

இதை நான் அடிபட்டுக் கற்றேன். பத்து வயதிலிருந்து பதினாறு வயதுவரை மிருதங்கம் பயின்றேன். ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. ரவையைத் தண்ணீர்விட்டுப் பிசைந்து, இடப்பக்கத் தொப்பியில் அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் எடுத்து, மறுபடி அப்பி, நாதம் சேரும்வரை பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அதன்பிறகு 'த தி தொம் நம்' என்று அதே பாடத்தை ஒரு மணிநேரம் வாசிக்க வேண்டும் என்றவுடன் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவேன். என்னோடு பயின்ற எண்ணெய்க்கடைக்காரர் மகன் ஒருவன் அதே நான்கு சொற்களை இரண்டு மணிநேரம் வாசித்துவிட்டு, இருட்டிவிட்டதா என்று உண்மையாகவே வியப்போடு கேட்பான். அவன் விரல்கள் என் விரல்களைவிடத் தடித்தவை. தாளத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் நான்தான் அவனைவிடச் சுத்தம். ஆறாவது ஆண்டில் அவன் வாசிக்க, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இருந்தது கச்சேரியின்மேல் ஆசை. அவனுக்கோ சாதகத்தின்மேல், அதாவது அன்றாடப் பயிற்சியின்மேல் ஆசை. ஒரு கட்டத்தில் ஆசிரியரே என் தந்தையிடம், பையனுக்கு ஞானம் இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று அது அவமானமாக இருந்தது. பின்னாளில், ஒரு பத்தியை ஏழாம் முறை திருத்தி எழுதும்போது காபி ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் சொன்னதன் மறுபாதி எனக்கு விளங்கியது.

நம் மொழியில் இதற்கு மிக நல்ல சான்று உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கை. அதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். தந்தையார் சங்கீத வித்துவான். மகனும் சங்கீதத்தில் தேற வேண்டும் என்பது அவர் விருப்பம். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே பாடம் கேட்க ஏற்பாடாயிற்று. அதைவிட நல்ல ஆசிரியர் அன்று எவருக்கு வாய்க்கும்? ஆனால் இசையில் ஈடுபட்டால் இலக்கியத்தில் மனம் ஆழ்ந்து செல்லாது என்று அவருடைய தமிழாசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கருத்துச் சொன்னதும் அதை நிறுத்திவிட்டார். பிள்ளையவர்கள் செய்யுள் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதுவதும், பாடம் கேட்பதும், தாமும் செய்யுள் இயற்றிப் பழகுவதுமாக அவர் நாட்கள் கழிந்தன. 1876-இல் ஆசிரியர் மறைந்தார். 1880-இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்தார். அந்த ஆண்டில் யாரேனும் அவரிடம் உங்கள் திறமை என்ன என்று கேட்டிருந்தால், பாடம் சொல்வது, செய்யுள் செய்வது என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். இன்று நாம் அவரை நினைப்பது இரண்டுக்காகவும் இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டவரிடம் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீண்டதொரு பட்டியலைச் சொன்னார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். ஐயருக்கு அப்போது வயது இருபத்தைந்து. பிறகு முதலியார் கொடுத்த பிரதியைப் படிக்கத் தொடங்கியபோது, அதுவரை கற்ற கல்வியை வைத்துக்கொண்டு அந்த நூலுக்குள் நுழைய முடியவில்லை. இந்த இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். நம்மில் பலர் அப்போதே, இது நமக்கு வராது, நம் திறமை வேறு என்று சொல்லிப் பிரதியைத் திருப்பிக் கொடுத்திருப்போம். அவர் கும்பகோணத்துச் சைனர் வீடுகளைத் தேடிப் போய், அவர்கள் சமயச் செய்திகளைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஊர் ஊராகப் பிரதி தேடினார். ஓலையில் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றாகவே தெரியும். துணைக்காலையும் (ா) ரகரத்தையும் (ர) பிரித்தறிவது படிப்பவர் பாடு. ஒரு பிரதியில் ஒரு பாடம், இன்னொன்றில் வேறு பாடம். ஒவ்வொன்றையும் ஒப்புநோக்கி, அந்த நூலுக்குப் பழைய உரை எழுதிய நச்சினார்க்கினியரின் உரையில் வரும் மேற்கோள் எந்த நூலைச் சேர்ந்தது என்று தேடிக் குறித்து, ஏழு ஆண்டுகள். சீவக சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல், மணிமேகலை 1898-இல்.

ஒப்புநோக்குவதை ஒரு நாள் செய்து பாருங்கள்; எவ்வளவு அலுப்பான வேலை என்பது தெரியும். அந்த அலுப்பு அவரை அண்டவில்லை. அது அவருடன் பிறந்ததாக இருக்கலாம். ஆனால் தம்மைப் பற்றி யோசித்து அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஒரு முன்சீபின் கேள்வியும், புரியாத ஒரு நூலும் அதை வெளியே இழுத்துவந்தன.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம் பிள்ளை அப்போது கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தார். பழைய நூல்களைப் பதிப்பிப்பதில் ஐயருக்கு மூத்தவர், பெயர் பெற்றவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கிறேன், கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். பலமுறை வற்புறுத்தவும் செய்தார். அதுவரை பழங்காப்பியம் ஒன்றையும் பதிப்பித்தறியாத இளைஞருக்கு அது கௌரவமாகப் பின்வாங்க நல்ல வழி. அவர் கொடுக்கவில்லை. எது தம் வேலை என்பது அவருக்கு அந்த நேரத்தில் ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பயிலரங்குகளில் கேட்கும் நூற்றிருபது கேள்விகளைவிட எனக்கு இந்த ஒரு கேள்வியில் நம்பிக்கை அதிகம்: உங்களைவிடத் தகுதியுள்ள ஒருவர் வந்து, இதை என்னிடம் கொடுத்துவிடு என்று கேட்டால், மனம் நிம்மதி அடைகிறதா, முரண்டு பிடிக்கிறதா?

வேலையை விடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐயர் 1880 முதல் 1903 வரை கும்பகோணத்திலும், பின்னர் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்தார். மேலே சொன்ன பதிப்புகள் எல்லாம் வகுப்புக்கு முன்னும் பின்னும் நடந்தவை. தாமோதரம் பிள்ளை 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டபோது அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம் பார்த்தார். மாதச் சம்பளம் அவர்கள் வேட்கைக்குத் தடையாக இருக்கவில்லை. ஏடு தேடிப் போகும் செலவுக்கு அதுவும்தான் துணை. எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புறப்பட்டவர்கள் கதைகளில், புறப்பட்டு ஓராண்டில் கடன் வாங்கித் திரும்பி வந்தவர்கள் கதை சேர்வதில்லை. உங்களுக்கு வேலையில் வெறுப்பில்லை என்கிறீர்கள். அதை ஏன் பறிகொடுக்க வேண்டும்?

வயதுக் கணக்கும் இதிலேயே இருக்கிறது. சிந்தாமணி வந்தபோது ஐயருக்கு முப்பத்திரண்டு. தாமோதரம் பிள்ளை 1832-இல் பிறந்தவர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-இல் பதிப்பித்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று.

ஓர் இடைக்குறிப்பு. இந்தக் கேள்வியைக் கேட்கும் வசதியே நமக்குப் புதிதாகக் கிடைத்தது. என் பாட்டி ஒருமுறை கேட்ட நலங்குப் பாட்டை ஓரடி பிசகாமல் திருப்பிச் சொல்வார். உன் திறமை என்ன என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அந்தப் பாட்டுகளை எழுதிக்கொள்ள வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. ஆகவே நீங்கள் கேட்பதை ஓய்வுநேரத்துக் கவலை என்று நான் தள்ளமாட்டேன்.

இப்போது அந்த வரிக் கணக்குக்கு வருகிறேன். பயிலரங்குக்கு நீங்கள் நான்கு வரி செலவிட்டிருக்கிறீர்கள். அதுவும் கட்டிய எட்டாயிரத்தை மறக்க முடியாததால் என்று நினைக்கிறேன். பத்திரங்களுக்கு இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் எட்டாத அளவுக்கு வரிகள். அதையும் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதியிருக்கிறீர்கள். ஓர் எண்ணில் ஒரு நாள் முழுவதும் திண்டாடியவர், அடுத்த நாள் அந்த எழுத்தரின் கையெழுத்தைத் தாளில் எழுதிப் பழகியிருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்த காரியம் இது. உங்கள் பிழைப்பும், வரவேண்டிய ஒன்றுக்கும் வந்துநிற்கும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் சலிக்காமல் பார்ப்பதுதான் என்பதையும் கவனித்தேன். இதுதான் உங்கள் பிறவித் திறமை என்று அட்டை அச்சிட்டுத் தர எனக்கு அதிகாரமில்லை. நாலைந்து பத்திரங்களோடு சலித்துப் போகவும் கூடும், போனால் போகட்டும். வேலியில் இருபதில் ஒன்று மா, மாவில் நூற்றில் ஒன்று குழி என்ற கணக்கைத் தமிழ்ப் பின்ன இலக்கங்களோடு முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்; முந்திரி, காணி என்ற சிறு பின்னங்கள் தெரியாமல் இந்தப் பத்திரங்களில் வெகுதூரம் போக முடியாது. பக்கத்து வீட்டார் தருவதைத் திருப்பிக் கொடுக்குமுன் அவர்கள் சம்மதத்தோடு ஒரு படி எடுத்து, ஆண்டு, எழுதியவர், எல்லைப் பெயர்கள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

அந்த வாய்க்காலைப் பற்றி எனக்கு ஓர் ஐயம். நான்கு முதியவர்களும் நான்கு திசையைக் காட்டினார்கள் என்றால், நால்வரும் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வாய்க்கால் வளைந்து ஓடியிருந்தால் அவரவர் வயலுக்கு அது ஒவ்வொரு திசையில்தானே இருந்திருக்கும்? நால்வரின் வயல்களும் எங்கே இருந்தன என்று கேட்டு, ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். புன்னையடி எங்கே என்று தெரிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
எஸ்.