கடையில விழுந்தா "உன் கவனக்குறைவு"ன்னு கைகழுவிட முடியுமா?

கேள்வி: வணக்கம் சார். மதுரையில ஒரு பெரிய ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன்ல 11 வருஷமா இருக்கேன். வயசு 38, சம்பளம் 14,500, அதுல ஈஎஸ்ஐக்குன்னு 109 ரூபா பிடிக்கிறாங்க. காலையில 9.30க்கு நின்னா ராத்திரி 9 மணி வரைக்கும் நிக்கணும், நடுவுல அரை மணி நேரம் சாப்பாடு. உக்கார்ந்தா கேமராவுல பார்த்து 100 ரூபா பிடிப்பாங்க. ரெண்டு கால்லயும் நரம்பு சுருட்டிக்கிச்சு. 2025 செப்டம்பர்ல தீபாவளி சரக்கு வந்தப்ப குடோன் ஏணியில பண்டலோட இறங்கையில கால் மரத்துப்போய் விழுந்துட்டேன். முதுகுல அடி, தனியார் ஆஸ்பத்திரியில பார்த்தோம், 40 நாள் வீட்ல கிடந்தேன், சம்பளம் தரல. என் கவனக்குறைவுன்னு சொல்லி வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. இப்ப "நிக்க முடியலன்னா வேற இடம் பாத்துக்கோ"ங்கறாங்க. ஏதாவது கிடைக்குமா?

பதில்: சகோதரி, கிடைக்கும். ஈஎஸ்ஐங்கற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கற அந்த 109 ரூபாதான் உங்களுக்குப் பெரிய பிடிமானம். 14,500க்கு 0.75 சதவீதம் போட்டா சரியா அவ்வளவுதான் வரும், முதலாளி தன் பங்குக்கு 3.25 சதவீதம் கட்டணும். ஈஎஸ்ஐல இருக்கறவங்க நஷ்டஈட்டுக்குன்னு தனியா தொழிலாளர் துணை ஆணையர்கிட்ட வழக்குப் போட முடியாது, நிறைய பேர் அங்க போய் அலைஞ்சு ஒரு வருஷத்தைத் தொலைச்சுட்டு வர்றாங்க, நீங்க நேரா ஈஎஸ்ஐ பிராஞ்ச் ஆபீசுக்குப் போங்க. 2025 நவம்பர் 21 முதல் புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துடுச்சு, ஆனா நீங்க விழுந்தது அதுக்கு முன்னாடிங்கறதால பழைய 1948 ஈஎஸ்ஐ சட்டத்தை வச்சுத்தான் சொல்றேன்.

வேலை நேரத்துல, கடை வேலையா ஏணியில ஏறி விழுந்தா அது வேலையால வந்த காயம்னுதான் சட்டம் எடுத்துக்கும், இல்லைங்கறவங்கதான் அதுக்கு ஆதாரம் காட்டணும். கவனக்குறைவுங்கற ஒரு வார்த்தையால இந்தப் பலன் போயிடாது. அந்த வெத்துப் பேப்பர்ல பின்னாடி எதை எழுதிக்கிட்டாலும் சரி, ஈஎஸ்ஐ பலனை யாரும் எழுதிக்கொடுத்து விட்டுட முடியாது, அதனால அந்தக் கையெழுத்தை நினைச்சு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

விபத்து தெரிஞ்சதும் தாமதிக்காம கடை ஈஎஸ்ஐக்கு விபத்து அறிக்கை அனுப்பியிருக்கணும், நீங்க எழுதியிருக்கறதைப் பார்த்தா அனுப்பியிருக்க மாட்டாங்கன்னுதான் தோணுது. அதனால நீங்களே எழுதுங்க. என்னைக்கு, எத்தனை மணிக்கு, எந்த ஏணி, பண்டல் எவ்வளவு கனம், யார் தூக்கி உக்கார வச்சா, எந்த ஆஸ்பத்திரி, வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கினது, எல்லாத்தையும் எழுதி பிராஞ்ச் மேனேஜருக்கு ஒண்ணு, கடைக்கு ஒண்ணு, ரெண்டையும் பதிவுத் தபால்ல ஒப்புகைச் சீட்டோட அனுப்புங்க. கையோட ஈஎஸ்ஐ டிஸ்பென்சரி டாக்டரையும் பாருங்க. தனியார் டாக்டர் சீட்டு, ஸ்கேன், பில்லு எல்லாம் வச்சிருக்கீங்கள்ல, ஈஎஸ்ஐ சர்டிபிகேட்டுக்குப் பதிலா வேற ஆதாரத்தையும் ஏத்துக்க விதியில இடம் இருக்கு, ஆனா ஏத்துக்கறது அவங்க முடிவு, அதனாலதான் எல்லாத்தையும் கொண்டுபோகச் சொல்றேன்.

வேலைக்குப் போக முடியாம கிடந்த நாளுக்கு தற்காலிக ஊனப் பலன்னு சராசரி தினக்கூலியில 90 சதவீதம் தருவாங்க, உங்க சம்பளத்துக்கு மாசம் சுமாரா 13,000. முதுகு முழுசா சரியாகலன்னா மெடிக்கல் போர்டு பார்த்து எத்தனை சதவீதம் ஊனம்னு முடிவு பண்ணி மாசாமாசம் பணம் வர்ற மாதிரியும் பண்ணுவாங்க. ஆனா க்ளெய்மை 12 மாசத்துக்குள்ள கொடுத்தாகணும், அதைத் தள்ளிப்போடாதீங்க. இல்லைன்னு சொல்லிட்டா ஈஎஸ்ஐ நீதிமன்றம் இருக்கு.

கால் நரம்பு விஷயத்துல நான் ஆசை காட்ட விரும்பல. வெரிகோஸ் தொழில்நோய்ப் பட்டியல்ல இல்ல, அதுக்கு இந்த 90 சதவீதம் கேட்டு ஜெயிக்கறது கஷ்டம். ஆபரேஷனுக்கு லீவு போட்டா நோய்ப் பலன்னு 70 சதவீதம், வருஷத்துல 91 நாள் வரைக்கும் கிடைக்கும், வைத்தியமும் ஈஎஸ்ஐலயே பாத்துக்கலாம்.

ஆனா கால் மரத்துப்போய்த்தானே விழுந்தீங்க? 11 மணி நேரம் நிக்க வச்ச காலைத்தான் பண்டலோட ஏணியில ஏத்தி விட்டிருக்காங்க, அதை நினைச்சா எனக்கு வயிறு எரியுது. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 2021ல 22-ஏ பிரிவைச் சேர்த்தாங்க, வேலைக்கு நடுவுல வாய்ப்புக் கிடைக்கறப்ப உக்கார எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை போட்டே ஆகணும். 2018லயே கேரளாவுல இந்தச் சட்டம் வந்துடுச்சு, கோழிக்கோடு ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி வாங்கினது. உக்கார்ந்ததுக்கு 100 ரூபா பிடிக்கறது இந்தப் பிரிவையே குப்பையில போடற வேலை. நேரமும் தப்பு, ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான், ஓவர்டைம் சேர்த்தும் 10ஐத் தாண்டக் கூடாது, ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம், தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தா 1 மணி நேரம் இடைவேளை. இதுக்கெல்லாம் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளர்கிட்ட புகார் கொடுங்க, தனியாப் போக பயமா இருந்தா செக்‌ஷன்ல நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்க.

கடைக்கு எழுதற கடிதத்துல இதையும் கேளுங்க: கவுண்டருக்குப் பின்னாடி ஆளுக்கொரு ஸ்டூல், ஒரு காலை மாத்தி மாத்தித் தூக்கி வைக்க சின்னப் பலகை, குடோன்ல சாய்ச்சு வைக்கற ஏணிக்குப் பதிலா அகலமான படியும் கைப்பிடியும் உள்ள ஏணி. கனமான பண்டல் எல்லாம் முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவுல உள்ள தட்டுல இருக்கட்டும், மேல இருக்கறதை இறக்க ஒருத்தர் ஏணியைப் பிடிக்க, ஒருத்தர் கீழ நின்னு வாங்கிக்கணும், பண்டலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு யாரும் இறங்கக் கூடாது. முதலாளிக்கு இதுல ஆகற செலவு ஒரு நாள் கல்லாவுக்குக் காணாது.

வேலையை விட்டு எடுத்துடுவாங்களோன்னு பயப்படறீங்க. தற்காலிக ஊனப் பலனோ நோய்ப் பலனோ வாங்கற நாள்ல எடுக்கவே கூடாது. மத்த நாள்லயும் ஆறு மாசத்துக்கு மேல வேலை பார்த்தவங்களை நியாயமான காரணமும், ஒரு மாச நோட்டீசோ அதுக்குப் பதிலா சம்பளமோ இல்லாம அனுப்ப முடியாது, அதே கடைகள் சட்டத்தோட 41-ஆம் பிரிவு, அனுப்பினா மேல்முறையீடு பண்ணலாம். அவங்களா ராஜினாமான்னு ஒரு பேப்பரை நீட்டினா கையெழுத்துப் போடாம வந்துடுங்க.

நாளைக்கே அந்த ஏணியை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, புகார் போனதும் முதல்ல மாறப்போறது அதுதான். கடிதத்தோட நகலை வீட்ல வையுங்க, கடை லாக்கர்ல வேண்டாம்.