பாட்டுப் பகிர்வு வழக்குகள்: ஐ.பி. முகவரியை வைத்து ஆளைப் பிடிக்க முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் இணையத்தில் பாட்டுப் பகிர்ந்தவர்களின் பெயர், விலாசம் இசை நிறுவனங்களுக்கு எப்படிக் கிடைத்தன?

நிறுவனங்கள் கையில் முதலில் இருந்தவை ஐ.பி. முகவரி (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்), தேதியும் நேரமும், பகிரப்பட்ட பாடல்களின் பட்டியல், அவ்வளவுதான். கசா போன்ற பாட்டுப் பகிர்வு மென்பொருளில் மற்றவர்களைப் போலவே நுழைந்து, சில பாடல்களை இறக்கிப் பார்த்து இவற்றைப் பதிவு செய்துகொள்வார்கள். பெயரோ இணையச் சேவை நிறுவனத்திடம் இருந்தது. அதைக் கேட்டு வாங்குவதில்தான் சண்டை.

1998ஆம் ஆண்டின் டி.எம்.சி.ஏ. என்ற பதிப்புரிமைச் சட்டம், 512(எச்) பிரிவில் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தது. வழக்கே போட வேண்டாம். நீதிபதி பார்க்கவும் வேண்டாம். நீதிமன்ற எழுத்தர் கையெழுத்திட்டால் சப்பீனா, அதாவது விவரத்தைக் கொடுக்கச் சொல்லும் உத்தரவு, தயார். ஒரே நாளில் 600க்கும் மேற்பட்ட பாடல்களை இறக்கியதாகச் சொல்லப்பட்ட ஒருவரின் பெயரை 2002ல் இசை நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. இப்படிக் கேட்டது. அவருடைய இணையச் சேவை நிறுவனமான வெரைசன் மறுத்தது. கீழ் நீதிமன்றத்தில் வெரைசன் தோற்றாலும், 2003 டிசம்பர் 19 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பக்கம் நின்றது. பாட்டு இருப்பது பயனாளரின் கணினியில். அதைக் கடத்திவிடும் நிறுவனத்தால் எதையும் நீக்க முடியாது, ஆகவே நீக்கக் கோரும் அறிவிப்போடு இணைந்த இந்தப் பிரிவு பொருந்தாது என்பது தீர்ப்பு.

அடுத்த மாதமே 532 பேர் மீது 'ஜான் டோ' வழக்குகள் வந்தன. பெயர் தெரியாத பிரதிவாதி மீது முதலில் வழக்கு, பிறகு நீதிபதியின் அனுமதியோடு சப்பீனா. இதில் குறைந்தது ஒரு நீதிபதியாவது ஆதாரத்தைப் பார்க்கிறார். அதுவே பெரிய பாதுகாப்பு. பென்சில்வேனியாவில் 203 பேரை ஒரே வழக்கில் சேர்த்ததை நீதிபதி ஏற்கவில்லை. தனித்தனியாகப் போடச் சொன்னார்.

கேள்வி: கனடாவில் நிறுவனங்கள் தோற்றது ஏன்?

ஆதாரம் ஓட்டையாக இருந்தது. 29 பேரின் விவரம் கேட்ட வழக்கில், 2004 மார்ச்சில் ஃபெடரல் நீதிமன்றம் மறுத்தது. பிரமாண வாக்குமூலம் கொடுத்தவர் கண்காணிப்பு நிறுவனத்தின் தலைவர். கணினி முன் உட்கார்ந்து பதிவு செய்தவர்கள் அவருடைய ஊழியர்கள். ஆகவே அது செவிவழிச் சாட்சியம். கசாவில் தெரிந்த புனைபெயர் இந்த ஐ.பி. முகவரிக்கு எப்படிப் பொருந்தியது என்பதற்கும் விளக்கம் இல்லை. 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. ஆனால் நல்ல ஆதாரத்தோடு மறுபடி வரலாம் என்று கதவைத் திறந்தே வைத்தது.

ஆதாரம் திரட்டியதற்கும் பெயர் கேட்டதற்கும் இடையிலான காலதாமதத்தை அந்த நீதிமன்றம் தனியாகக் குறிப்பிட்டது மிகச் சரி. பல இணைப்புகளில் ஐ.பி. முகவரி மாறிக்கொண்டே இருக்கும். இன்று உங்களிடம் இருப்பது நாளை பக்கத்துத் தெருக்காரருக்குப் போகலாம். புகாரில் உள்ள நேரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரமா, உள்ளூர் நேரமா என்று பார்க்காமல் சேவை நிறுவனத்தின் பதிவேட்டைத் தேடினால் நியூயார்க்கில் குளிர்காலத்தில் ஐந்து மணி நேரம் பிசகும். அப்பாவி மாட்டிக்கொள்வார்.

கேள்வி: இணைப்பு என் பெயரில் இருந்தால் நான்தான் பொறுப்பா?

அது மட்டும் போதாது. பதிவேடு காட்டுவது பில் கட்டுபவரை. அதே வைஃபையில் பிள்ளைகள், வாடகைக்கு இருப்பவர், விருந்தாளி எல்லோரும் இருக்கலாம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு தாய் மீது இப்படிப் போட்ட வழக்கை நிறுவனங்களே கைவிட்டன. 2007ல் அவருக்கு 68,685 டாலர் வழக்குச் செலவு தரும்படி உத்தரவானது.

கேள்வி: பெயர் கேட்டு சப்பீனா வந்திருப்பதாகச் சேவை நிறுவனம் கடிதம் அனுப்பினால்?

முதலில் கெடு தேதியைப் பாருங்கள்; அது தாண்டினால் பெயர் போய்விடும். ரத்து கோரும் மனுவில் "நான் செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் எடுபடாது, அது பின்னால் சொல்ல வேண்டிய எதிர்வாதம். அந்த நீதிமன்றத்துக்கு என் மீது அதிகார வரம்பு இல்லை, சம்பந்தமில்லாதவர்களோடு சேர்த்திருக்கிறார்கள், ஆதாரம் போதாது என்பவைதான் இந்தக் கட்டத்துக்கு உரியவை. வழக்கறிஞர் வழியாகவே போடுங்கள். சொந்தப் பெயரில் மனு போட்டால் மறைக்க வேண்டிய பெயரை நீங்களே கொடுத்தது போலாகும்.

கணினியை எக்காரணம் கொண்டும் துடைக்காதீர்கள். 2006ல் டெக்சாஸில் ஒரு பிரதிவாதி, ஹார்ட் டிஸ்க்கை ஒப்படைக்க உத்தரவு வந்த பிறகு அழிப்பு மென்பொருளை ஓட்டினார். பாட்டுப் பகிர்ந்தாரா என்ற விசாரணைக்கே போகாமல், அந்தச் செயலுக்காகவே அவருக்கு எதிராகத் தீர்ப்பானது.